கலிஃபோர்னியாவில் வாகனத்தின் எக்ஸாஸ்டை மாற்றுவது சட்டப்படி செல்லுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நம் ஊரில் சைலன்சர் என்று சொல்லிப் பழகிய பாகத்தை அமெரிக்காவில் மஃப்ளர் என்கிறார்கள். இஞ்சினிலிருந்து கிளம்பும் புகை காரின் பின்முனையில் வெளியேறும் வரை உள்ள குழாய்த் தொகுதி முழுவதற்கும் எக்ஸாஸ்ட் என்று பெயர். கலிஃபோர்னியாவில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் பிள்ளைகள் ஓட்டுநர் உரிமம் பெற்று முதல் காரை வாங்கும் வயதில் இந்தப் பேச்சு வீட்டுக்குள் வந்துவிடுகிறது. எங்கள் வீட்டிலும் வந்தது. அப்போது ஒவ்வொன்றாகத் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டவற்றையே இங்கே கேள்வி பதிலாகத் தொகுத்திருக்கிறேன். வழக்கு என்று வந்துவிட்டால் வழக்கறிஞரைத்தான் அணுக வேண்டும். அந்த நிலைக்குப் போகாமல் இருப்பதற்கு இது உதவும்.

எக்ஸாஸ்டை மாற்றுவதே குற்றமா?

இல்லை. கம்பெனியில் வந்த எக்ஸாஸ்டை ஒருபோதும் கழற்றக் கூடாது என்று கலிஃபோர்னிய வாகனச் சட்டத்தில் எங்கும் சொல்லப்படவில்லை. மாற்றிய பிறகு வண்டி எப்படி இருக்கிறது என்பதைத்தான் சட்டம் பார்க்கிறது, அதையும் இரண்டு தனித்தனிக் கண்களால் பார்க்கிறது. ஒரு கண் சத்தத்தைப் பார்க்கிறது. 27150, 27151 ஆகிய பிரிவுகள் அதற்கு உரியவை. இன்னொரு கண் புகையைப் பார்க்கிறது; அதற்கு உரியது 27156ஆம் பிரிவு. சத்தம் குறைவாக இருக்கிறது என்பதால் புகை விதியிலிருந்து யாரும் தப்ப முடியாது. ஸ்மாக் செக் என்ற புகைப் பரிசோதனையில் தேறிய வண்டிக்கும் சத்தத்துக்காக டிக்கெட், அதாவது அபராதச் சீட்டு, விழலாம். “ஸ்மாக் செக் பாஸ் ஆகிவிட்டதே, பிறகு ஏன் பிடித்தார்கள்?” என்று கேட்பவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டவர்கள்தாம்.

எந்தப் பாகத்தைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது?

கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் எங்கே இருக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். கார்பன் மோனாக்சைடு, எரியாத ஹைட்ரோகார்பன், நைட்ரஜன் ஆக்சைடுகள் ஆகிய மூன்று நச்சுகளையும் வேதிவினையால் தீங்கு குறைந்த வாயுக்களாக மாற்றும் பெட்டி அது. அமெரிக்கக் கார்களில் 1975ஆம் ஆண்டு மாடலிலிருந்து பரவலாக வரத் தொடங்கியது. அந்தப் பெட்டிக்கு முன்னால் உள்ளவை, அதாவது இஞ்சினோடு இணையும் ஹெடர், டர்போ வண்டிகளில் உள்ள டவுன்பைப், ஆக்சிஜன் சென்சார்கள், கன்வர்ட்டர் ஆகிய அனைத்தும் மாசுக் கட்டுப்பாட்டு அமைப்போடு தொடர்புடையவை. மாநிலத்தின் ஒப்புதல் எண் இல்லாத பாகத்தை அங்கே பொருத்தக் கூடாது. கன்வர்ட்டரை இருந்த இடத்திலிருந்து சற்றுத் தள்ளிப் பொருத்துவதும்கூடத் தவறுதான், ஏனென்றால் இஞ்சினிலிருந்து விலகும் தூரத்தைப் பொறுத்து அது சூடேறி வேலை செய்யத் தொடங்கும் நேரம் மாறுகிறது.

கடைசிக் கன்வர்ட்டருக்குப் பின்னால் வரும் குழாய், ரெசனேட்டர், மஃப்ளர், வால்முனை ஆகியவற்றை மாற்றுவதைக் கடைகளில் கேட்-பேக் என்கிறார்கள். அங்கே புகை விதிக்கு வேலையில்லை. சத்த விதி மட்டுமே பொருந்தும். எனவே பட்டறையில் எதையும் வெட்டச் சொல்வதற்கு முன், “இது கன்வர்ட்டருக்கு முன்னாலா, பின்னாலா?” என்று கேட்டுவிடுங்கள். பாதிச் சிக்கல் அந்தக் கேள்வியிலேயே தீர்ந்துவிடும்.

எவ்வளவு சத்தம் வரை அனுமதி?

மொத்த எடை வரம்பு 6,000 பவுண்டுக்குக் குறைவான கார்களுக்கும் சிறிய வாகனங்களுக்கும் 95 டெசிபல். இந்த எண்ணை எல்லோரும் அறிந்திருக்கிறார்கள்; அதை எங்கே வைத்து அளக்க வேண்டும் என்பதைத்தான் பலரும் அறிவதில்லை. சட்டம் குறிப்பிடும் அளவீட்டு முறையில் மைக்ரோஃபோனைப் புகைக்குழாயின் வாயிலிருந்து 20 அங்குலத் தூரத்தில், 45 டிகிரி சாய்வில் வைத்து, நின்ற நிலையிலேயே இஞ்சினை உயர் சுற்றுக்கு ஏற்றி அளப்பார்கள். கைபேசிச் செயலியைச் சன்னல் அருகே பிடித்துப் பார்த்து “எண்பதுதான் காட்டுகிறது” என்று நிம்மதி அடைவதில் பொருளில்லை. தூரம் இரட்டிக்கும்போது திறந்த வெளியில் ஒலி ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். அந்தக் கணக்கில், குழாய் வாயில் 95 இருக்கும் சத்தம் 50 அடிக்கு அப்பால் 65 அளவுக்கு இறங்கிவிடுகிறது. ஆனால் டெசிபல் என்பது மடக்கை அளவு. 95க்கும் 105க்கும் வித்தியாசம் வெறும் பத்து அன்று, ஒலி ஆற்றலில் பத்து மடங்கு. அடுத்த தெருவில் தூங்கும் கைக்குழந்தைக்கு அந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

அதிகாரியிடம் ஒலிமானி இல்லை. அப்போதும் டிக்கெட் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். 27150ஆம் பிரிவு எண்ணைப் பற்றிப் பேசுவதில்லை. பதிவுக்கு உட்பட்ட ஒவ்வொரு வாகனத்திலும் போதுமான மஃப்ளர் எந்நேரமும் வேலை செய்யும் நிலையில் இருக்க வேண்டும், அது மிகையான அல்லது வழக்கத்துக்கு மாறான சத்தத்தைத் தடுக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. எது மிகை என்பதைச் சாலையில் நிற்கும் அதிகாரி தம் காதால் தீர்மானிக்கிறார். இது நியாயமா என்று என்னைக் கேட்டால், ஒலிமானி இல்லாமல் எழுதப்படும் டிக்கெட்டில் ஓட்டுநருக்கு அநீதி நேர வாய்ப்பு உண்டு என்பதே என் கருத்து. ஒரே காரை ஓர் அதிகாரி கண்டும் காணாமல் விடுவார், இன்னொருவர் நிறுத்துவார். அதற்கான மாற்று வழியைச் சட்டமே வைத்திருக்கிறது. அடுத்து வரும் இரண்டு பதில்களில் அதைச் சொல்கிறேன்.

சரிசெய்து காட்டினால் டிக்கெட் ரத்தாகிவிடும் என்கிறார்களே?

அது பழைய கதை. முன்பெல்லாம் எக்ஸாஸ்ட் சத்தத்துக்கான டிக்கெட்டைச் சரிசெய்தற்குரிய குற்றமாகவே நடத்தினார்கள். பழைய மஃப்ளரை மாட்டிக் காட்டிக் கையொப்பம் வாங்கிச் சிறு கட்டணத்தோடு முடித்துக்கொள்ளலாம். பலரும் ஒப்பம் வாங்கிய மறுநாளே சத்தமான மஃப்ளரைத் திரும்ப மாட்டினார்கள். 2018இல் ஆளுநர் ஜெர்ரி பிரவுன் கையெழுத்திட்ட ஏபி 1824 என்ற சட்டம், 2019 ஜனவரி 1 முதல் அந்தச் சலுகையை எடுத்துவிட்டது.

அந்தச் சமயத்தில் “இனி மஃப்ளருக்கு ஆயிரம் டாலர் கட்டாய அபராதம்” என்ற செய்தி வாட்ஸ்அப்பில் வேகமாகப் பரவியது. அது சரியில்லை. அந்தச் சட்டம் அபராதத் தொகையை உயர்த்தவில்லை, 95 டெசிபல் வரம்பையும் மாற்றவில்லை. சரிசெய்து தப்பும் வழியை மட்டுமே அடைத்தது. ஆனாலும் அடிப்படை அபராதத்தோடு மாநில, மாவட்டக் கூடுதல் கட்டணங்கள் சேரும்போது கையை விட்டுப் போகும் தொகை பல மடங்காகிவிடும் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

என் கார் 95 டெசிபலுக்குள்தான் இருக்கிறது என்று எப்படி நிரூபிப்பது?

ஸ்மாக் செக் ரெஃபரி என்ற ஏற்பாடு இதற்காகவும் பயன்படுகிறது. வாகனப் பழுதுபார்ப்புத் துறையின் மேற்பார்வையில் மாநிலம் முழுவதும் இந்த நிலையங்கள் இயங்குகின்றன. சத்தத்துக்காக டிக்கெட் வாங்கியவர் முன்பதிவு செய்து, கட்டணம் செலுத்தி, காரைக் கொண்டுபோனால் சட்டம் சொல்லும் முறையில் அளந்து பார்ப்பார்கள். வரம்புக்குள் இருந்தால் சான்றிதழ் கிடைக்கும். அதை நீதிமன்றத்தில் முன்வைக்கலாம். 6,000 பவுண்டுக்கு மேற்பட்ட வண்டிகளுக்கும் மோட்டார் சைக்கிள்களுக்கும் இந்த வழி இல்லை. கேட்-பேக் வாங்கும்போது, இந்த அளவீட்டு முறையில் 95க்குள் இருப்பதாக உற்பத்தியாளர் எழுத்தில் தந்திருக்கிறாரா என்று பார்த்து வாங்குவது நல்லது. அந்தத் தாள் சான்றிதழுக்கு ஈடாகாது என்றாலும், வாங்கும் பொருளைப் பற்றி முன்கூட்டியே ஓர் உறுதி கிடைக்கும்.

ஈஓ எண் என்றால் என்ன?

கலிஃபோர்னியக் காற்று வள வாரியம் ஒரு பாகத்தைச் சோதித்து, அது புகைக் கட்டுப்பாட்டின் திறனைக் குறைக்கவில்லை என்று கண்டால் எக்ஸிகியூட்டிவ் ஆர்டர் என்ற ஆணையை வெளியிடும். அந்த ஆணையின் எண்ணைத்தான் சுருக்கமாக ஈஓ எண் என்கிறோம். ஹெடர், காற்று உறிஞ்சும் குழாய், டர்போ போன்றவற்றுக்கு ‘டி’ என்ற எழுத்தில் தொடங்கும் எண் இருக்கும். ஆணை ஒவ்வொன்றும் எந்தக் காருக்கு, எந்த ஆண்டு மாடலுக்கு, எந்த இஞ்சினுக்கு என்று குறிப்பிட்டுத் தரப்படுகிறது. 2012 மாடலுக்கான எண் உள்ள ஹெடரை 2016 மாடலில் மாட்டினால் அந்த எண் உங்களுக்கு உதவாது. பாகத்தோடு வரும் ஸ்டிக்கரை இஞ்சின் மூடிக்கு அடியில் தெளிவாகத் தெரியும்படி ஒட்டுங்கள். ஸ்மாக் செக் தொழில்நுட்பர் கண்ணால் பார்க்கும் சோதனையில் முதலில் தேடுவது அதைத்தான். ஸ்டிக்கர் தொலைந்துவிட்டால், வாரியத்தின் இணையத் தரவுத்தளத்தில் எண்ணைக் கொண்டு ஆணையைக் கண்டுபிடித்து அச்சிட்டு வைத்துக்கொள்ளலாம்.

இந்த மாநிலத்துக்கு மட்டும் ஏன் இத்தனை கெடுபிடி என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1943 கோடையில் லாஸ் ஏஞ்சலஸ் நகரைக் கண்ணெரியும் புகைமூட்டம் சூழ்ந்தது. கால்டெக் வேதியியலாளர் ஏரி ஹாகன்-ஸ்மித், வாகனப் புகையும் சூரிய ஒளியும் சேர்ந்தே அந்த நச்சுக் காற்றை உண்டாக்குகின்றன என்று 1950களில் காட்டினார். 1967இல் காற்று வள வாரியம் உருவானபோது அவரே அதன் முதல் தலைவரானார். கூட்டாட்சியின் தூய காற்றுச் சட்டம் வருவதற்கு முன்பே தனக்கென விதிகளை வைத்திருந்ததால், கடுமையான தரங்களை வகுக்க விலக்குக் கோரும் உரிமை கலிஃபோர்னியாவுக்குக் கிடைத்தது. மலைகள் சூழ்ந்த அந்தப் பள்ளத்தாக்கில் ஆஸ்துமாவோடு வளரும் பிள்ளைகளைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கெடுபிடி மிகையாகத் தெரியாது.

என் கார் புதியது. ஸ்மாக் செக் இன்னும் வரவில்லை. அதுவரை கன்வர்ட்டரை எடுத்துவிடலாமா?

கூடாது. பெட்ரோல் கார்களுக்கு முதல் எட்டு மாடல் ஆண்டுகள் ஈராண்டுப் பரிசோதனையிலிருந்து விலக்கு உண்டு. 1975ஆம் ஆண்டு மாடலும் அதற்கு முந்தையவையும் முழுவதுமாக விலக்குப் பெறுகின்றன. ஆனால் இந்த விலக்குப் பரிசோதனையிலிருந்து மட்டுமே. மாசுக் கட்டுப்பாட்டுச் சாதனத்தைக் கழற்றவோ செயலிழக்கச் செய்யவோ கூடாது என்ற 27156ஆம் பிரிவு, காரைப் பதிவுசெய்த முதல் நாளிலிருந்தே பொருந்தும். சாலையோரம் மூடியைத் திறந்து பார்க்கும் அதிகாரி டிக்கெட் எழுதலாம்.

“49 மாநிலங்களில் செல்லும்”, “பந்தயத்துக்கு மட்டும்” என்றெல்லாம் பெட்டியில் எழுதியிருக்கிறதே?

நாற்பத்தொன்பது என்று எழுதியிருந்தால், விட்டுப்போன ஐம்பதாவது மாநிலம் கலிஃபோர்னியா. பந்தயத்துக்கு மட்டும் என்று எழுதியிருந்தால், பொதுச் சாலையில் ஓடும் மாசுக் கட்டுப்பாடு கொண்ட காரில் அதைப் பொருத்தக் கூடாது. வார இறுதியில் ஒரு நாள் பந்தயத் தடத்துக்குப் போவதால் மற்ற ஆறு நாள் அலுவலகத்துக்கு ஓட்டும் கார் பந்தயக் கார் ஆகிவிடுவதில்லை.

என் மகன் பகுதிநேர வேலையில் சேர்த்த பணத்தில் ஒரு பழைய டர்போ காருக்கு டவுன்பைப் வாங்கினான். விற்ற கடையில் “எல்லோரும் இதைத்தான் மாட்டுகிறார்கள், பிரச்சினை வராது” என்றார்கள். மாட்டிய பிறகு பெட்டியைப் புரட்டிப் பார்த்தபோது, சாலைப் பயன்பாட்டுக்கு அல்ல என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தது. அடுத்த ஸ்மாக் செக்கில் கண்ணால் பார்க்கும் சோதனையிலேயே கார் தோற்றது. பழைய டவுன்பைப்பைக் கடையிலேயே விட்டு வந்திருந்ததால், உடைத்து விற்கும் இடங்களில் தேடி அலைந்து மீண்டும் வாங்க வேண்டியதாயிற்று. எதை மாற்றினாலும் கழற்றிய பாகத்தை வீட்டில் பத்திரமாக வையுங்கள்.

குழாயைத் தொடாமல், இஞ்சின் மென்பொருளை மட்டும் மாற்றினால்?

ஆக்சிலரேட்டரை விட்டவுடன் குழாயில் படபடவென்று வெடிச்சத்தம் வருவதற்காகச் சிலர் இஞ்சின் கணினியின் மென்பொருளை மாற்றுகிறார்கள். எரியாத பெட்ரோலைச் சூடான எக்ஸாஸ்டுக்குள் தள்ளி வெடிக்க வைப்பதுதான் அந்தச் சத்தம். அது கன்வர்ட்டரையும் காலப்போக்கில் கெடுக்கும். 2021 ஜூலை 19 முதல், ஸ்மாக் செக்கின்போது காரின் மென்பொருள் உற்பத்தியாளர் தந்ததுதானா அல்லது ஈஓ எண் பெற்றதுதானா என்பதையும் கருவி படித்துப் பார்க்கிறது. இரண்டும் இல்லையென்றால், புகை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் கார் தோற்கும்.

மோட்டார் சைக்கிளுக்கு விதி வேறா?

வேறு. 95 டெசிபல் வரம்பு கார்களுக்கானது. அதை மோட்டார் சைக்கிளுக்குக் காட்ட முடியாது. 1985க்குப் பிறகு தயாரான மோட்டார் சைக்கிள்களுக்கான வரம்பு 80 டெசிபல், அதுவும் வேறு முறையில், தொலைவிலிருந்து அளப்பது. நடைமுறையில் முக்கியமானது 2010இல் நிறைவேறிய எஸ்பி 435 கொண்டுவந்த 27202.1ஆம் பிரிவு. 2013 ஜனவரி 1க்குப் பிறகு தயாரான மோட்டார் சைக்கிளிலும், அதன் பிறகு தயாரான மாற்று எக்ஸாஸ்டிலும், கூட்டாட்சிச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் ஒலிச் சான்று முத்திரை இருக்க வேண்டும். முத்திரை இல்லையென்றால் முதல் முறை 50 முதல் 100 டாலர், அடுத்தடுத்து 100 முதல் 250 டாலர் அபராதம். முத்திரை இல்லை என்ற சந்தேகத்துக்காக மட்டும் வண்டியை நிறுத்தக் கூடாது என்றும் அதே பிரிவு அதிகாரிகளுக்குச் சொல்கிறது. மோட்டார் சைக்கிளுக்கு ஸ்மாக் செக் கிடையாது. ஆனாலும் அதிலுள்ள கன்வர்ட்டரை அகற்றுவது தவறுதான்.

கட்-அவுட், விசில் முனை, பக்கவாட்டுக் குழாய் ஆகியவை?

பொத்தானை அழுத்தினால் மஃப்ளரைத் தவிர்த்துப் புகையை நேரே வெளியேற்றும் கட்-அவுட் 27150ஆம் பிரிவில் பெயர் சொல்லித் தடுக்கப்பட்டிருக்கிறது. மூடி வைத்திருந்தேன் என்பது பதிலாகாது. கூரிய சீழ்க்கை ஒலி எழுப்புவதற்காகவே குழாய் முனையில் பற்றவைக்கும் விசில் முனை சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் பரவி, மக்கள் உறக்கம் கெட்டு முறையிட்ட பிறகு 2003இல் தனிச் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. பொருத்திக்கொள்வதும், ஓட்டுவதும், பொருத்தித் தரும் தொழிலும் மூன்றுமே குற்றம். பக்கவாட்டுக் குழாய் வைக்கலாம், ஆனால் தரையிலிருந்து 2 அடிக்கும் 11 அடிக்கும் இடைப்பட்ட உயரத்தில் புகை பக்கவாட்டில் பாயக் கூடாது. நடந்து போகிறவரின் முகத்தில் அடிக்கும் உயரம் அது.

மாட்டித் தந்த கடைக்குப் பொறுப்பு இல்லையா?

உண்டு. விதிக்குப் பொருந்தாத எக்ஸாஸ்டை விற்பதும் பொருத்துவதும் 27150.1ஆம் பிரிவின்படி தொழில் செய்பவர்மீதான குற்றம். புகைக் கட்டுப்பாட்டைக் கெடுக்கும் பாகத்தை விற்பதையும் விளம்பரப்படுத்துவதையும் 27156 தடுக்கிறது. ஆனால் அதைக் காட்டி உங்கள் டிக்கெட்டைத் தள்ளுபடி செய்ய முடியாது. ஓட்டுபவர் பொறுப்பு தனியாக நிற்கும். ரசீதில் பாகத்தின் பெயரையும் ஈஓ எண்ணையும் எழுதித் தரக் கேளுங்கள்.

ஏற்கெனவே மாற்றம் செய்த பழைய காரை வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் பணம் கைமாறுவதற்கு முன்பே ஸ்மாக் சான்றிதழைக் கேளுங்கள். நான்கு மாடல் ஆண்டுகளுக்கு மேற்பட்ட, பரிசோதனைக்கு உட்பட்ட காரைக் கைமாற்றும்போது அதைத் தர வேண்டியது விற்பவரின் கடமை. “நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள், விலையில் குறைக்கிறேன்” என்று சொல்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்; குறைக்கும் தொகையைவிடக் கன்வர்ட்டரின் விலை பெரும்பாலும் அதிகம். வேறு மாநிலத்திலிருந்து கார் கொண்டுவந்தாலும் இங்கே பதிவுசெய்யும்போது இதே சோதனைதான்.

கன்வர்ட்டரைத் திருடிவிட்டார்கள். மலிவாக ஒன்றை மாட்டலாமா?

டொயோட்டா பிரியஸ் வைத்திருக்கும் பலருக்கு நேர்ந்த துயரம் இது. காலையில் காரை எடுத்தால் டிராக்டர் போல உறுமும். காவல்துறையில் உடனே புகார் அளித்து அதன் நகலைக் காரிலேயே வையுங்கள். சத்தத்துக்காக நிறுத்தப்பட்டால் விளக்க உதவும். ஆனால் நேர்க்குழாயை மாட்டிக்கொண்டு ஓட்டக் கூடாது. பயன்படுத்திய கன்வர்ட்டரை வாங்கிப் பொருத்துவதும் செல்லாது. உற்பத்தியாளரின் புதிய கன்வர்ட்டர், அல்லது உங்கள் மாடலுக்கென ஈஓ எண் பெற்று அந்த எண் உறையிலேயே பொறிக்கப்பட்ட மாற்று கன்வர்ட்டர், இந்த இரண்டு மட்டுமே வழி. காப்பீட்டில் காம்ப்ரிஹென்சிவ் பிரிவு எடுத்திருந்தால் பெரும்பாலும் ஈடு கிடைக்கும். திருட்டைக் குறைக்க, 2022இல் நிறைவேறிய இரு சட்டங்கள் பழைய கன்வர்ட்டர்களை யாரிடமிருந்து வாங்கலாம் என்பதைக் கட்டுப்படுத்துகின்றன.

வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் இவையெல்லாம் மாறுமா?

சத்த விதி மாறும். டெக்சஸில் மஃப்ளர் கட்டாயம், கட்-அவுட் கூடாது. ஆனால் கலிஃபோர்னியாவைப் போல் 95 டெசிபல் என்ற எண் அங்கே இல்லை. தனியார் கார்களுக்கான பாதுகாப்புப் பரிசோதனையை அந்த மாநிலம் 2025 ஜனவரியில் கைவிட்டது. ஹூஸ்டன், டாலஸ், ஆஸ்டின், எல் பாசோ நகர்களைச் சுற்றிய மாவட்டங்களில் புகைப் பரிசோதனை தொடர்கிறது. நியூயார்க் 2021இல் சட்டத்தைக் கடுமையாக்கி, சத்தமான எக்ஸாஸ்டுக்கான உச்ச அபராதத்தை 150 டாலரிலிருந்து 1,000 டாலராக உயர்த்தியது. மாற்று கன்வர்ட்டர் விஷயத்தில் நியூயார்க், மேய்ன், கொலராடோ ஆகியவை கலிஃபோர்னியாவின் ஒப்புதலையே கேட்கின்றன.

புகைச் சாதனத்தை அகற்றக் கூடாது என்பது மட்டும் எங்கும் மாறாது. புகைப் பரிசோதனையே நடத்தாத ஃபுளோரிடாவிலும் கன்வர்ட்டரைக் கழற்றுவது கூட்டாட்சியின் தூய காற்றுச் சட்டம் 203ஆம் பிரிவின்படி தடைசெய்யப்பட்டதே. கழற்றித் தரும் பட்டறைக்கும், கழற்றிய உரிமையாளருக்கும் அது ஒன்றாகவே பொருந்தும்.